பாதி வெட்டின தலை

"அதே மாதிரிதானே?" என்று லின் கேட்டபோது எதைப் போல என்று குலோத்துங்கனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. போன தடவை முடி வெட்டினாளே, அதே மாதிரி. ஆமாம் என்று தலையாட்டினான். போன தடவை இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவனுக்கு வேலை இருந்தது. அதே மாதிரி வேண்டுமென்றால் அதையும் சேர்த்துத்தான் வேண்டும், அதற்கு இவள் என்ன செய்வாள் பாவம். கறுப்புத் துணியை உதறிப் போர்த்திக் கழுத்துக்குப் பின்னால் இறுக்கிக் கட்டினாள். துணிக்கு அடியில் அவன் வலது கை போனைப் பிடித்தபடியே இருந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள், இப்போது பத்தரைகூட ஆகவில்லை, இருந்தாலும் கை விடமாட்டேன் என்றது. கண்ணாடியில் ஒரு தலை மட்டும் தெரிந்தது, உடம்பில்லாத தலை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் தலையில் கத்தரி படக்கூடாது என்பது உறையூர் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் இந்த ஒஹையோவில் பதினாலு வருஷமாக அவன் அதை மீறினதில்லை. பன்றிக்கறி தின்றிருக்கிறான், செருப்போடு சமையலறைக்குள் போயிருக்கிறான், செவ்வாயில் மட்டும் முடி வெட்டினதில்லை. காலையில் அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தபோது பூங்கோதை, "இனிமே கெடறதுக்கு என்னங்க மிச்சம் இருக்கு? போய்க் கண்ணாடியப் பாருங்க. ஜெயில்லேருந்து தப்பிச்சு வந்த ஆளாட்டம் இருக்கீங்க. வீடியோல பாக்கறவங்க பயந்துருவாங்க" என்றாள். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. ராகுகாலம் பார்த்துக் கார் எடுக்கிறவள். அவளே செவ்வாய்க்கிழமையைக் கைவிட்டுவிட்டாள் என்றால் நிலைமை எங்கே வந்து நிற்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. லின் தண்ணீரைப் பீய்ச்சினாள். உச்சி குளிர்ந்து நெற்றியில் ஒரு சொட்டு இறங்கியது, துடைக்கக் கை வெளியே வரவில்லை.

கண்டிப்பாகத் திரும்பிவிடுவேன். அதைத்தான் சொன்னான் நேற்று. ஐயோ, அதைத்தான் சொன்னான். நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்த பிள்ளைதான், மனப்பாடப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கின பிள்ளை. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் என்று கடலோரமாக ஓர் ஊர், அங்கே ஒரு மின்சாரக் கம்பெனி, அதில் அவன் செய்துகொண்டிருந்த அதே வேலை. நேர்காணல் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தாண்டியாயிற்று. ரிலேயைப் பற்றிக் கேட்ட கிழவர் கடைசியில் சிரித்துவிட்டார். லைனில் கோளாறு வந்தால் கண்ணிமைக்கிற நேரத்துக்குள் மின்சாரத்தை அறுத்துவிடுகிற கருவி அது, எவ்வளவு கோளாறுக்கு அறுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைக்கிறதுதான் குலோத்துங்கனின் தொழில். மிச்சமிருந்தது ஆள் எடுக்கிற பிரிவில் ஒரு பேச்சு, வெறும் சம்பிரதாயம். ஹெதர் என்ற அந்த அம்மாள் நல்ல மாதிரி, கையில் காபிக் கோப்பை, பின்னால் ஜன்னலில் ஒரு பூனை. இங்கே குளிர் அதிகம், வருகிறவர்கள் இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டு டொரான்டோவுக்கு ஓடிவிடுகிறார்கள், எங்களுக்கு அதுதான் கவலை, நீங்கள் எப்படி, இங்கேயே இருந்துவிடுவீர்களா என்று கேட்டாள். சம்பந்தி வீட்டில், பொண்ணுக்கு எங்க ஊரு பிடிக்குமா என்று கேட்பார்களே, அந்தப் பிரியத்தோடுதான் கேட்டாள். குலோத்துங்கனின் முதுகு தானாக நேராயிற்று. கண்ணுக்கு நேரே பார்த்தான். "இல்லை மேடம். எனக்கு எல்லாமே என் ஊரில்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் கண்டிப்பாகத் திரும்பிவிடுவேன்" என்றான். தெளிவாக, தயங்காமல், ஒரு சொல் பிசகாமல். பூனை ஜன்னலிலிருந்து குதித்தது. ஹெதர் எதையோ எழுதிக்கொண்டு, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி என்றாள். அதில் பெரிய கூத்து என்னவென்றால் பேச்சு முடிந்ததும் அவனுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி. கதவைத் திறந்தால் பூங்கோதை கரண்டியோடு நிற்கிறாள், கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டுகிறது. "என்னங்க சொன்னீங்க அந்தம்மாகிட்ட?" என்றாள். "என்ன சொன்னேன்?" "திரும்பிப் போயிருவேன்னா சொன்னீங்க?" அப்போதுதான் அவன் காதிலேயே அது விழுந்தது.

கத்தரி காதோரம் வந்துவிட்டது. சரக் சரக் என்று தன் முடி அறுபடும் சத்தம் தலைக்குள்ளிருந்தே கேட்பதுபோல இருந்தது. மாற்றிச் சொல்லியிருக்கலாம். மேடம், மன்னிக்கவும், கேள்வியைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை என்று அந்தக் கணமே சொல்லியிருக்கலாம். ராத்திரி கடிதம் எழுதினான், எழுதி அழித்தான். என்ன எழுதுவது? நான் சொன்னது பொய், பதினாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பொய் என்றா? பொய் சொல்கிறவனை எவன் வேலைக்கு வைப்பான். உண்மைதான் என்று விட்டுவிட்டால், திரும்பிப் போகிறவனை எவன் வைப்பான். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தி நடுவில் நின்றுகொண்டான் மகாராசன். காலையில் அந்த அம்மாளிடமிருந்தே ஒரு வரி வந்தது. பன்னிரண்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறோம், இயக்குநரும் இருப்பார், ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு விஷயம். பூங்கோதை அந்த வரியைப் பலமுறை படித்துவிட்டு, "வேணாம்னு சொல்றதா இருந்தா எதுக்குங்க வீடியோ?" என்றாள். மூஞ்சியைப் பார்த்துச் சொன்னால் மரியாதை என்று நினைக்கிற ஊராக இருக்கும். இங்கே வேலையை விட்டு நிறுத்தினபோதும் வீடியோவில்தான் சொன்னார்கள், சிரித்த முகமாக. லின் அவன் தலையை இரண்டு விரலால் இடது பக்கம் சாய்த்தாள், அவன் சாய்ந்தான். யார் சாய்த்தாலும் சாய்கிற தலையாகத்தான் அது எப்போதுமே இருந்திருக்கிறது.

ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறான். சென்னையில், அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்கார இளைஞனிடம். மேல்படிப்புக்கு இடம் கிடைத்த தெம்பு, புதுச் சட்டை, மதராஸ் வெயிலில் விடிகாலையிலிருந்து வரிசை, வெளியே மரத்தடியில் அப்பா. படித்து முடித்ததும் என்ன செய்வாய் என்று அவன் கேட்டான். நல்ல வேலை கிடைத்தால் அங்கேயே இருப்பேன் சார் என்று குலோத்துங்கன் சொன்னான், அது ஏதோ பாராட்டு மாதிரி நினைத்துக்கொண்டு. உங்கள் நாடு அவ்வளவு நல்ல நாடு சார் என்பதுபோல. இளைஞன் மரியாதையாக ஒரு தாளை நீட்டினான், விசா இல்லை. வெளியே வந்து அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா தங்கராசு மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், ஆளைத் திட்டத் தெரியாத மனுஷன், "சரி விடு, காபி சாப்பிடுவோம்" என்றார். அந்தக் காபியின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அடுத்த தடவைக்கு அப்பாதான் விசாரித்து ஒருவரைக் கண்டுபிடித்தார். கோடம்பாக்கத்தில் மாடி அறை, அரங்கண்ணல் சார், விசா நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். நல்ல வாய் அவருக்கு. "ஏண்டா, பொண்ணு பாக்கப் போன எடத்துல நான் வீட்டோட மாப்பிள்ளையா இருந்துக்கறேன்னு முதல் வார்த்தையே சொல்லுவியா? அவன் என்ன கேட்டாலும் சரி, எப்படிக் கேட்டாலும் சரி, பதில் ஒண்ணுதான். எனக்கு எல்லாமே இங்கதான் இருக்கு, கண்டிப்பாத் திரும்பி வந்துருவேன். முதுக நேரா வை. கண்ணப் பாரு. சொல்லு." சொன்னான். "செத்த பாம்பாட்டம் சொல்லாத. திருப்பிச் சொல்லு." ஒரு வாரம் அதைத்தான் சொன்னான், பல் விளக்கும்போது, பஸ்ஸில், தூக்கத்தில். விசா கிடைத்தது. அதற்கப்புறம் எந்த விமான நிலையத்தில், எந்தக் கவுன்ட்டரில், எந்தச் சீருடைக்காரன் எத்தனை நாள், எதற்காக என்று ஆரம்பித்தாலும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அவசியமில்லாத இடத்திலும் சொல்லியிருக்கிறான். ரிலே யோசிக்குமா? சொல்லிவைத்த அளவு வந்ததும் அறுத்துவிடும், எதிரே இருப்பது இடியா, கம்பியில் உட்கார்ந்த காக்காயா என்று பார்க்காது. பெயரோ குலோத்துங்கன். சுங்கம் தவிர்த்த சோழன் பெயர், உறையூர்க்காரன் என்ற பெருமைக்கு அப்பா வைத்தது. அந்தச் சோழன் ஒருவனும் வரி கட்டாமல் போய்வரட்டும் என்று சுங்கச்சாவடியை எல்லாம் எடுத்தானாம். இவன் பாதி ஆயுளைச் சாவடிகளில் முதுகை நிமிர்த்தியே கழித்துவிட்டான்.

மெஷினை எடுத்துக்கொண்டாள் லின். பிடரியில் அது ஊர்ந்தபோது பற்கள் வரை அதிர்ந்தது. ஹாலிஃபாக்ஸ் வேலையும் போனால்? போனால் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிற இடத்துக்கு மனசு வந்துவிடக்கூடாது என்று அவன் வேறு எதையாவது நினைக்கப் பார்த்தான், பூனையை, குழம்புச் சொட்டை, ஆனால் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்தது. வேலை போனவனுக்கு இந்த நாடு கொடுக்கிற தவணை இரண்டு மாசம். அதில் பாதிக்குமேல் கரைந்துவிட்டது. இந்தத் தொழிலில் பாதிக் கம்பெனி அரசாங்கத்தைச் சார்ந்தது, குடியுரிமை இருக்கிறதா என்று முதல் கேள்வியிலேயே கேட்டுவிடுகிறான். நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு வரிசையில் பேர் இருக்கிறது, இருக்கிறது, இலவு காத்த கிளி மாதிரி இருக்கிறது. வரிசை நகர்கிற வேகத்துக்கு அது மகள் தாமரையின் பிள்ளைக்குத்தான் வரும். ஜெர்மனி என்றால் பாஷை. இரண்டு பாடம் படித்தான், மேசை ஆண்பால், கதவு பெண்பால் என்றது, மூடிவைத்துவிட்டான். ஆஸ்திரேலியாவில் தொழில் தகுதியை மறுபடி நிரூபிக்க ஆகும் காலத்துக்குள் தவணை முடிந்துவிடும். கனடாவுக்கு வேலையில்லாமல் நேராக விண்ணப்பிக்கலாம், ஆனால் வயசுக்கு மதிப்பெண் போடுகிறார்கள், மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி; முப்பது தாண்டினால் வருஷாவருஷம் குறைகிறது, அவனுக்கு நாற்பத்தொன்று. எட்வினைக் கேட்டான். எட்வின் கல்லூரித் தோழன், திருச்சியில் கொதிகலன் வடிவமைத்தவன், கனடாவுக்குப் போய்ப் பிராம்ப்டனில் இருக்கிறான். "மச்சான், நான் சொல்றதக் கேளு. வர்றதுன்னா வேலையோட வா. வந்து தேடிக்கலாம்னு மட்டும் வந்துராத. இங்க அனுபவம் இருக்கான்னு கேப்பான். வேலை குடுத்தாத்தானடா அனுபவம் வரும்னா சிரிப்பான். நான் கிடங்குல பெட்டி தூக்குற வண்டி ஓட்டறேன். எங்க வீட்ல சொல்லல. பாய்லர் கம்பெனிதான்னு நினைச்சுட்டு இருக்காங்க." அப்புறம், "வண்டி நல்லா ஓட்டறேன்டா" என்றான். அதைக் கேட்டபோது குலோத்துங்கனுக்கு அழுகை வந்துவிட்டது. ஊருக்கே போய்விடலாமே என்று சுலபமாகச் சொல்லலாம். அங்கே அவன் வயசுக்கு அவன் சம்பந்தப்பட்ட வேலையில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்து, அவர்களுக்கு அடுத்த ஆட்களும் உட்கார்ந்தாயிற்று. பூங்கோதைக்கு வேலை பார்க்க இங்கே அனுமதியே வரவில்லை, முதுநிலைப் பட்டத்தோடு பத்து வருஷமாகக் குழம்பு வைக்கிறாள். இன்றுவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டினதில்லை, அதுதான் கூடுதலாகக் குத்துகிறது. தாமரை இங்கே பிறந்தவள், பத்து வயசு, அவள் மட்டும் இந்த நாட்டுப் பிரஜை. நேற்று ராத்திரிச் சாப்பாட்டில், "அப்பா, என்னையும் அனுப்பிருவாங்களா?" என்றாள். "உன்ன யாராலயும் அனுப்ப முடியாதுடா கண்ணு." "அப்போ நான் மட்டும் இங்க இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அப்பளத்தைக் கடித்தாள்.

ஹாலிஃபாக்ஸில் வீடுகள் மரத்தால் கட்டினவையாம், மஞ்சளும் சிவப்புமாகப் பூசியிருப்பார்களாம். பூங்கோதை படம் பார்த்து ஒரு மஞ்சள் வீட்டைத் தேர்ந்தெடுத்துக்கூட வைத்திருந்தாள், சும்மா, ஆசைக்கு. தாமரைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று பார்த்தாள். தமிழ்ச் சங்கம் இருக்கிறதா, முருங்கைக்காய் கிடைக்குமா என்று பார்த்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவன் வீட்டுக்காரனே. வலது பக்கம் முடிந்துவிட்டது. கண்ணாடியில் அந்தப் பக்கம் ஒட்ட வெட்டின இளைஞன், இந்தப் பக்கம் காதை மூடிக்கொண்டு நரைத்த ஒருவன், இரண்டு பேரும் ஒரே கழுத்தில். நரைத்தவனைப் பார்த்தால் அப்பா ஜாடை இருந்தது. வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டான், ஆனால் மூடினால்தான் அது வரும். அப்பா போனது ஒரு ஆடி மாசம். இவன் கடவுச்சீட்டில் அமெரிக்க முத்திரை காலாவதியாகியிருந்தது, போனால் மறுபடி சென்னைக் கவுன்ட்டரில் நின்று முத்திரை வாங்கித்தான் திரும்ப வேண்டும், அப்போது நேர்காணலுக்கு நாளே கிடைக்காத நேரம். போக வேண்டாம், போனால் திரும்புவதற்கு நான் பொறுப்பில்லை என்றார் வக்கீல். பூங்கோதை ஆறு மாசக் கர்ப்பம், அந்தப் பிள்ளை அப்புறம் தங்கவில்லை, அது வேறு கதை. சித்தப்பா மகன் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, ஒரே பிள்ளை இங்கே கொலம்பஸில் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அப்பாவின் இறுதி ஊர்வலத்தைப் பார்த்தான். நடுவில் சிக்னல் போய் அப்பா கட்டம் கட்டமாக நின்றுவிட்டார். அன்றைக்கும் திரும்ப முடியவில்லை. கண்டிப்பாகத் திரும்பிவிடுவேன் என்று உலகத்துக்கெல்லாம் சொன்னவனால் திரும்ப வேண்டிய ஒரு நாளில் திரும்ப முடியவில்லை.

அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வசந்தகோகிலம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர்ப்பட்ட வீட்டுச் செய்திகளுக்கு நடுவே காலம் தள்ளினவள் என்பதால் எதிர்முனையில் மூச்சு மாறினாலே தெரிந்துவிடும் அவளுக்கு. வேலை போனதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பேசும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான். தாமரை பிறந்த சமயம் அம்மாவும் அப்பாவும் வந்து போனார்கள். அதற்கான விசாவுக்கு அரங்கண்ணல் சார் வேலையை இவனே பார்த்தான், போனிலேயே. "அம்மா, ஆபீசர் தமிழ்லயே கேப்பாங்க. எதுக்குப் போறீங்கன்னு கேட்டா பேத்தியப் பாக்க. அப்புறம் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். எனக்கு எல்லாமே இங்கதான் இருக்கு, கண்டிப்பாத் திரும்பி வந்துருவேன். எங்க, சொல்லு." அம்மா சொன்னாள். அந்தக் குரல், இணைப்பில் இருங்கள் என்று ஊருக்கே சொன்ன குரல், அதைக் கேட்டு ஆபீசர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாராம். வந்தவள் ஆறு மாசமும் இருக்கவில்லை, சொன்னபடி திரும்பிவிட்டாள். அதைச் சொல்லி அவனைச் சீண்டுவது அவள் வழக்கம். "நான் ஆபீசர்ட்ட சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன். நீயும் அவங்ககிட்ட இதைத்தான சொல்லிட்டுப் போன?" அவன் சிரிப்பான். அடுத்த வருஷம்மா என்பான். முதலில் அது நிஜம். அப்புறம் பாதி நிஜம். கவுன்ட்டரில் சொன்ன பொய்யும் அம்மாவிடம் சொன்ன நிஜமும் ஒரே வாக்கியமாக இருந்ததில் ஒரு சௌகரியம் இருந்தது, எங்கே எது முடிந்தது என்று அவனே பார்க்க வேண்டியதில்லை. யோசித்தால் இத்தனை வருஷத்தில் இருந்துவிடுவாயா என்று கேட்ட எவனும் ஆமாம் என்ற பதிலுக்காகக் கேட்டதில்லை. அந்தப் பூனைக்காரி ஒருத்திதான் கேட்டாள். அவளிடம் போய்.

போன் துணிக்கு அடியில் துடித்தது. வயிற்றோடு வைத்திருந்ததால் வயிறே துடித்ததுபோல இருந்தது. கை வெளியே வரவில்லை, துணியில் சிக்கியது, உதறினான், வெட்டின முடியெல்லாம் பறந்தது. ஹெதர். வீடியோ. மணி பதினொன்று. பன்னிரண்டுக்கல்லவா? ஹாலிஃபாக்ஸ் இங்கேயிருந்து ஒரு மணி முன்னால். பதினாலு வருஷமாக எந்நேரமும் மனசுக்குள் திருச்சி மணியை ஓட்டிக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு மணி நேரம் தோன்றவே இல்லை. எடுக்காமல் விட்டுவிடலாமா? விட்டால் நேரம் தெரியாத ஆள். எடுத்தால் பாதித் தலை. லின் மெஷினை அணைத்துவிட்டு, எடு என்பதுபோல முகவாயை ஆட்டினாள். எடுத்தான். ஹெதர் ஒரு கணம் விழித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் சதுர முகத்தோடு ஒரு வயசாளி, இயக்குநர். "அரைகுறை நேரத்தில் பிடித்துவிட்டோம்போல" என்றார். குலோத்துங்கன் மன்னிப்புக் கேட்டான், துணியைத் தூக்கி மீதித் தலையை மறைக்கப் பார்த்தான், அது இன்னும் மோசமாக இருந்தது. "ஒரே ஒரு விஷயம்தான். உங்களைப் போல ஒருவரை ஒரு வருஷமாகத் தேடுகிறோம். ஆனால் நேற்று இவரிடம் திரும்பிப் போய்விடுவேன் என்று சொன்னீர்களாமே. அது உங்கள் விருப்பம், நான் தப்பே சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிய வேண்டும். இருப்பீர்களா?" முதுகு நிமிர்ந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடியில், பாவி முதுகு நிமிர்ந்தது. வாக்கியம் தொண்டைக்கு வந்துவிட்டது, முழுசாக, சூடாக. அவன் பல்லைக் கடித்தான். அந்தப் பக்கம் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஆமாம், இருப்பேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், இரண்டு சொல், குழந்தை சொல்லிவிடும். அந்த இரண்டு சொல்லையும் அவன் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறான், சொன்னதும் ஒரு தாளை நீட்டினார்கள், வெளியே மரத்தடியில் அப்பா எழுந்து நின்றார். "சார்" என்றான். குரல் உடைந்துவிட்டது. "எங்களை வைத்துக்கொள்ளுங்கள் சார். தயவுசெய்து. எங்கேயும் போகமாட்டோம். நீங்கள் அனுப்பாமல் இருந்தால் போதும்." வேலை கேட்கிறவன் பேசுகிற பேச்சா அது. ஹெதர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இயக்குநர் இருமினார். "யாரும் அனுப்பமாட்டார்கள். இந்த வாரமே கடிதம் வரும்" என்றார், மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். அப்புறம், "முடியை முடித்துக்கொள்ளுங்கள்" என்றார். திரை இருண்டது. குலோத்துங்கனுக்கு மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, வெட்டின முடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. லின் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, நல்லதா கெட்டதா என்று கேட்டாள். நல்லது என்றான். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

பூங்கோதைக்குப் போன் போட்டான். "கிடைச்சிருச்சு கோதை" என்றதும் அந்தப் பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு, "அந்த மஞ்ச வீடு இன்னும் இருக்கான்னு பாக்கறேங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைத்துவிட்டாள். லின் இடது பக்கத்துக்கு வந்து மெஷினைப் போட்டாள். அதற்குள் மறுபடி போன். அம்மா. அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரம். எடுக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் நல்ல செய்தி கையில் இருந்தது, யாரிடமாவது மூச்சைப் பிடிக்காமல் பேச வேண்டும்போல இருந்தது. "தம்பி, என்ன மெஷின் சத்தம்? முடியா வெட்டற? இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைடா." "தெரியும்மா. அவசரம். அம்மா, ஒரு விஷயம். நாங்க வேற ஊருக்குப் போறோம். கனடாவுக்கு. நல்ல வேலைம்மா, இதைவிட நல்லது." சொல்லிக்கொண்டே போனான். கடலோரம், மர வீடு, தாமரைக்குப் பள்ளிக்கூடம். இங்கே வேலை போனதைச் சொல்லவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெதுவாக, "அங்கயே தங்கிருவீங்களா தம்பி?" என்றாள்.

"இல்லம்மா" என்றான் குலோத்துங்கன். முதுகு நேராயிற்று, கண் கண்ணாடியில் எதிரே இருந்தவனின் கண்ணை நேராகப் பார்த்தது. "எனக்கு எல்லாமே அங்கதான் இருக்கு. கண்டிப்பாத் திரும்பி வந்துருவேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று காதில் அழுத்திப் பிடித்தான். அறுந்திருக்கவில்லை, அம்மா மூச்சு விடுவது கேட்டது.

"தம்பி, இது நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததுல்ல? அந்தக் கவுன்ட்டர்ல சொல்றதுக்கு."

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"அன்னைக்கு நான் நல்லாச் சொன்னேன்லடா?"

"நல்லாச் சொன்னம்மா."

"நீயும் நல்லாத்தான்டா சொன்ன" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை, இணைப்பில் இருங்கள் என்கிற அதே குரல். "சரி, வை. முடிய வெட்டிட்டு நேரா போய்த் தலைக்குக் குளி. குளிக்காம அடுப்படிக்குள்ள போயிராத."

லின் மெஷினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் போனைத் துணிக்கு அடியில் கொண்டுபோய் மடியில் வைத்தான். மீதித் தலையை அவள் பக்கம் குனிந்து கொடுத்தான்.